பெயருக்கு ஒரு கோடு, ஊருக்கு ஒரு கோடு

டக் என்று ஒரு மூலை. அட்டையைத் திருப்பி டக் என்று அடுத்த மூலை. நவமணியக்காவின் வலது கை மூலை வெட்டும் கருவியின் பிடியை விடுவதே இல்லை. இடது கை அட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. நான்கு அழுத்தலுக்கு ஒன்றாகக் கூர் மழுங்கிய அட்டைகள் தட்டில் விழுகின்றன. கோயில் அன்னதானச் சீட்டு அது. நாளை மத்தியானம் சோறு வாங்கியதும் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். அதற்கு எதற்கு இத்தனை மெனக்கெடல் என்று யாராவது கேட்டால் அக்காவுக்குக் கோபம் வரும். "ஒரு நாளுன்னாலும் சட்டப் பையில வைக்கிற சாமான் லா. கூரா இருந்தா பையைக் கிழிச்சிராதா?"

பினாங்கு ஜார்ஜ் டவுனில் மார்க்கெட் ஸ்திரீட்டுக்குப் பின்னால், பூக்கடைக்கும் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் அச்சுக்கடை அவருடையது. வயது ஐம்பத்தாறு. காலையில் வீடு இருக்கும் பாகான் டாலாமில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிக் கடலைத் தாண்டி வருகிறார். ஃபெரியில் மற்றவர்கள் கடலைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் போனைப் பார்ப்பார்கள். அக்கா அடுத்தவர் கையில் இருக்கும் காகிதத்தைப் பார்ப்பார். காப்புறுதி விளம்பரமோ பள்ளிக்கூடக் கடிதமோ, வரி கொஞ்சம் சாய்ந்திருந்தால் போதும், முன்பின் தெரியாத மனிதரிடம் எட்டிச் சொல்லிவிடுவார். சொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறார்கள். அது அக்காவின் கவனத்துக்கு வந்ததாகத் தெரியவில்லை.

கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவருடைய கையெழுத்துக்காக வருகிறார்கள். உறையின் மேல் அழைக்கப்படுபவரின் பெயரை முதல் வரியிலும் ஊரை இரண்டாம் வரியிலும் குண்டு குண்டாக, ஒரே உயரத்தில் எழுதிக் கொடுப்பார். பெயர் எழுதாமல் பத்திரிகை கொடுப்பதை அவரால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. "பேரு எழுதாத கார்டு வெறும் நோட்டீஸ். நோட்டீஸ பாத்து யாரு லா கல்யாணத்துக்கு வருவா?" ஊரை விட்டுவிடலாமே என்று யாராவது சொன்னால் அதற்கும் பதில் உண்டு. "ஊரு இல்லாம என்ன பேரு? எங்க வீட்டுலயே ஒரு ராமசாமி இருக்காரு. நாட்டுல எத்தன ராமசாமி?" வீட்டில் இருக்கும் ராமசாமி அவருடைய கணவர், துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

இப்படிப்பட்ட கடைக்குத்தான் இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில் ஷாஹிரா வந்தாள். பினாங்குப் பெண்தான், அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கடை. சட்டம் படித்தவள், வக்கீலாகாமல் மாடியில் இரண்டே அறைகள் கொண்ட ஒரு சிறிய அமைப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எந்த அரசாங்கத்தையும் சேராமல் காட்டில் துப்பாக்கி ஏந்தியிருக்கும் குழுக்களோடு பேசுவது அந்த அமைப்பின் வேலை. போர் என்றாலும் சில வரம்புகளைத் தாண்டாதீர்கள் என்று கேட்டு, தளபதிகளிடம் உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவார்கள். அரசாங்கங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, கையெழுத்துப் போட மேசை இருக்கிறது. காட்டில் இருப்பவனுக்கு அப்படி ஒரு மேசை கிடையாது, அதை நாங்கள் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று ஷாஹிரா விளக்கினாள்.

எந்த நாடு, எந்தக் குழு என்று அக்கா கேட்டார். பெயர்களை வெளியே சொல்லக்கூடாது என்பது அலுவலகத்தின் சட்டம் என்றாள். சட்டைப் பையில் வைக்கும் அட்டைதான் வேண்டும்: ஐந்து விதிகள், ஐந்து படங்கள். காயம்பட்டவனை அடிக்காதே. கையைத் தூக்கியவனைச் சுடாதே. பள்ளிக்கூடத்தில் முகாம் போடாதே. பதினெட்டு வயது ஆகாதவரைச் சேர்க்காதே. தண்ணீருக்குப் போகும் பாதையில் கண்ணிவெடி புதைக்காதே. எழுத்து வட்ட வட்டமாக இருந்தது, அந்த மொழி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. படங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தவர் முதல் படத்தில் விரலை வைத்தார். "இவனுக்கு எங்கம்மா காயம்? சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கான் லா." படம் திரும்பப் போனது, அடுத்த வாரம் தலையில் கட்டும் கையில் கட்டுமாக வந்தது.

வேலை நடந்துகொண்டிருந்தபோது அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு தூரம் பேசுகிறவர்கள் சண்டையையே நிறுத்தச் சொல்லக்கூடாதா என்று கேட்டார். ஷாஹிராவுக்கு அது பழகிப்போன கேள்வி. "நிறுத்துன்னு சொன்னா போனையே எடுக்க மாட்டாங்க அக்கா. சண்டையில எதைச் செய்யக்கூடாதுன்னு சொன்னா, அஞ்சு நிமிஷம் கேப்பாங்க. அந்த அஞ்சு நிமிஷந்தான் எங்க வேலை."

முதல் பதிப்பு கெட்டிக் காகிதத்தில் போனது. மூன்று மாதத்தில் ஷாஹிரா தொங்கிய முகத்தோடு வந்தாள். மழையில் பாதி கூழாகிவிட்டதாம். மீதியைப் புகையிலை சுற்றிக் குடித்துவிட்டார்களாம். தளபதியே போனில் சிரித்துக்கொண்டு சொன்னாராம். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கடையில் அடித்த காகிதத்தைப் புகைத்துவிட்டார்கள் என்பது அவருக்குச் சொந்த அவமானமாகப் பட்டது. அன்று ஃபெரியில் யாருடைய காகிதத்தையும் அவர் எட்டிப் பார்க்கவில்லை. கரை இறங்கும்போது பதில் தயாராக இருந்தது.

மறுநாளே ஷாஹிராவைக் கூப்பிட்டார். முதலில் பிளாஸ்டிக் உறை போட வேண்டும். இரண்டாவதாக, அட்டையின் கீழே இரண்டு கோடுகள் வேண்டும். மேலே உள்ளது பெயருக்கு, கீழே உள்ளது ஊருக்கு. "பேரு போட்டுக் குடுத்துப் பாரு. எவனும் தூக்கிப் போட மாட்டான். அவன் கையாலேயே எழுதட்டும், அப்புறம் அது அவன் சாமான். எங்க கம்பத்து வீடுங்கள்ல ஐசி கார்டு இல்லாத ஆளுங்கள நான் பாத்திருக்கேன். தன் பேரு போட்ட ஒரு அட்டைக்கு எத்தன வருஷம் அலைஞ்சாங்கன்னு எனக்குத் தெரியும்." ஷாஹிராவின் முகம் மலர்ந்தது. மேலிடத்துக்கு எழுதினாள். ஒரே நாளில் சம்மதம் வந்தது. அருமையான யோசனை என்று ஒரு வரியும் கூடவே வந்தது. அந்த வரியை அக்கா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

பிளாஸ்டிக்கின் மேல் எழுதினால் நிற்குமா? அதைச் சோதிக்காமல் விடுகிற ஆள் இல்லை அவர். கோடுகள் இருக்கும் இடத்தில் வழவழப்பில்லாத படலம் ஒட்டினார். கடையில் இருந்த ஏழு வகை மார்க்கர் பேனாக்களையும் எழுதிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மாதிரி அட்டையில் நவமணி என்று மேல் கோட்டிலும் பாகான் டாலாம் என்று கீழ்க் கோட்டிலும் எழுதினார். அதை ராமசாமியின் கால்சட்டைப் பையில் போட்டுச் சலவை இயந்திரத்தில் மூன்று முறை துவைத்தார். கால்சட்டைதான் சாயம் போனது. எழுத்து இம்மியும் அழியவில்லை. மூலைகளும் வெட்டியிருந்ததால் பைக்கும் சேதமில்லை. அந்த மாதிரி அட்டையைக் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னார். நான்காயிரம் அட்டைகளும் நூறு மார்க்கர்களும் பெட்டியில் ஏறின.

அது பலித்தது. இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆறு மாதம் கழித்து ஷாஹிரா அப்பா கடையிலிருந்து மீ கோரேங் பொட்டலங்களோடு வந்து உட்கார்ந்து விவரம் சொன்னாள். பெயரும் ஊரும் எழுத வரிசையில் நின்றார்களாம். சிலர் பெயரைச் சுற்றிப் பூ வரைந்துகொண்டார்களாம். நெஞ்சுப் பையில் அம்மாவின் புகைப்படத்தோடு வைத்திருந்தார்களாம். அவர்களில் பலருக்கு வாழ்க்கையில் தன் பெயர் போட்ட முதல் அட்டை அதுதான். எதிர்த்தரப்புச் சிப்பாய் ஒருவன் காலில் குண்டு பட்டு மாட்டிக்கொண்டபோது, முடித்துவிடு என்று மேலே உள்ளவன் சொல்ல, ஒருவன் தன் அட்டையை எடுத்து மேசையில் வைத்து முதல் படத்தைக் காட்டியிருக்கிறான். என் பெயர் இதில் இருக்கிறது, என்னால் முடியாது என்றானாம். இரண்டு நாள் நடந்து அந்தச் சிப்பாயை மருத்துவரிடம் சுமந்துபோயிருக்கிறார்கள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீ ஆறிப்போகிறது என்று ஷாஹிராவை அதட்டினார். அந்த வாரம் முழுக்க ஃபெரியில் அவருக்கு இருந்த மிடுக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஷாஹிரா வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம். போன் செய்தால் வேலை அதிகம் அக்கா என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டாள். கல்யாணம் ஏதும் கூடியிருக்கும், நமக்குச் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று அக்கா நினைத்தார். பிறகு அந்த அலுவலகத்திலிருந்து வேறு யாரோ ஓர் அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பி, நாற்பது பிரதி, சுருள் கம்பி கட்டு, வெள்ளிக்கிழமைக்குள் என்று கேட்டார்கள். வழக்கமாக அடிக்கும் கடை என்று யோசிக்காமல் அனுப்பியிருக்க வேண்டும்.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா படிப்பதற்காகப் பார்க்கவில்லை. ஓரம் சரியாக இருக்கிறதா, பக்க எண் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு போனார். பதினான்காம் பக்கத்தில் அந்த அட்டையின் படம் இருந்தது. தன் வேலையைப் பார்த்த சந்தோஷத்தில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

இரண்டாம் பதிப்பில், உள்ளூர் அச்சகத்தின் யோசனைப்படி, பெயரும் ஊரும் எழுத இடம் விடப்பட்டது. பிறகு அரசாங்கப் படை ஒரு முகாமைப் பிடித்தபோது, இறந்து கிடந்தவர்களின் பைகளிலிருந்து அட்டைகளைச் சேகரித்தது. அட்டைகளில் இருந்த ஊர்களுக்குப் படை போனது. மூன்று கிராமங்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். இனி எந்தப் பதிப்பிலும் ஆளை அடையாளம் காட்டும் விவரம் இடம்பெறக் கூடாது. மேலே கட்டம் கட்டித் தலைப்பும் கொடுத்திருந்தார்கள்: கற்றுக்கொண்ட பாடங்கள்.

நாற்பது பிரதியையும் அக்கா அடித்தார். துளை போட்டார், கம்பி கோத்தார், பெட்டியில் அடுக்கினார். இதற்காக அவரைக் கல்நெஞ்சக்காரி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கையிலிருக்கும் வேலையைப் பாதியில் விட அந்த உடம்புக்குத் தெரியாது, அவ்வளவுதான். பெட்டியை மூடி ஒட்டிய பிறகு ஷாஹிராவுக்குப் போன் போட்டு, வா என்று மட்டும் சொன்னார்.

ஷாஹிரா வந்தாள், இளைத்திருந்தாள். அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் வராமல் இருந்ததாகச் சொன்னாள். மேற்கொண்டு நடந்ததையும் சொன்னாள். தளபதி கடைசியாகப் பேசியபோது அவர் கத்தவில்லையாம். உங்கள் அட்டையை மதித்துப் பையில் வைத்தவர்களின் ஊர்தான் எரிந்தது, முதல் மழையிலேயே தூக்கி எறிந்தவர்களின் ஊர் நன்றாக இருக்கிறது, இனி நான் எந்த முகத்தோடு விதி பேசுவேன் என்று கேட்டாராம். மிச்சமிருந்த அட்டைகளை ஒரு குழியில் போட்டு எரித்துவிட்டார்கள். உறுதிமொழியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். "இப்ப கையைத் தூக்கினவனையும் விடறதில்லயாம் அக்கா."

அவள் இன்னமும் புதன்கிழமைதோறும் தளபதியின் எண்ணை அழைக்கிறாள். மணி அடித்து ஓய்கிறது. யாரும் எடுப்பதில்லை.

அக்காவின் மேல் தப்பில்லை என்று ஷாஹிரா திரும்பத் திரும்பச் சொன்னாள். இதையெல்லாம் முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் தங்களுக்குச் சம்பளம், மேலிடத்தில் எத்தனை நிபுணர்கள் இருக்கிறார்கள், ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே என்றாள். அக்கா தலையை ஆட்டினார். "நீங்க யோசிக்கல. நான் யோசிச்சேன் லா. ஊரும் போடுன்னு நான்தான் சொன்னேன்."

ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா என்று அக்கா கேட்டார். ஷாஹிரா தயங்கித் தயங்கிக் கைப்பையிலிருந்து எடுத்தாள். எல்லையில் இருந்த ஆள் ஒருவர் அனுப்பிவைத்தது; அலுவலகத்தில் எறியப் போனார்கள், இவள் வைத்துக்கொண்டாள். அட்டையின் ஓரத்தில் பிளாஸ்டிக்குக்குள் பழுப்பாக ஏதோ இறங்கிக் காய்ந்திருந்தது. நான்கு மூலைகளும் வெட்டியது வெட்டியபடி உருண்டையாக இருந்தன. இரண்டு கோடுகளிலும் வட்ட வட்டமான எழுத்துகள் நேற்று எழுதியதுபோல் இருந்தன. அக்கா நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தார்.

"மார்க்கர் அழியல," என்றார்.

ஷாஹிரா அழ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார் அக்கா. அட்டையை மட்டும் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் போன பிறகு கல்லாவுக்குப் பின்னால் இருந்த மாதிரி அட்டையைச் சுவரிலிருந்து பிய்த்தார். நாடா ஒட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து நான்கு தழும்புகள் இருக்கின்றன, இப்போதும் பார்க்கலாம்.

அன்றிலிருந்து அவர் பெயர் எழுதுவதில்லை. பத்திரிகை அடித்துக் கொடுக்கிறார், மூலை வெட்டுகிறார், உறையில் போட்டுக் கொடுக்கிறார். எழுதிக் கொடுங்கள் அக்கா என்றால் கை வலிக்கிறது என்கிறார். வாடிக்கையாளர்களுக்கு இது சங்கடம்தான், ஆனாலும் பொறுத்துக்கொண்டார்கள். வீட்டில்தான் பிரச்சினை. மகள் அதிராவுக்குக் கல்யாணம். பாயான் பாருவில் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். கடையிலேயே சிறந்த காகிதத்தில், பொன் நிற எழுத்தில் அம்மா அடித்த நானூறு பத்திரிகைகள் வெற்று உறைகளோடு கிடந்தன. நாத்தனார் தனலெட்சுமிக்கு ஒன்று அப்படியே பெயரில்லாமல் போய்ச் சேர்ந்தது. சொந்த அத்தைக்கு நோட்டீஸா கொடுக்கிறீர்கள் என்று அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அச்சுக்கார வீட்டுக் கல்யாணத்தில் இப்படி ஒரு குறையா என்று ராமசாமி தலையில் அடித்துக்கொண்டார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. பெயர்களை வெளியே சொல்லக்கூடாது என்று ஷாஹிரா என்றைக்கோ சொன்னதை அக்கா வீட்டிலும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை காலையில் அதிராவே கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஃபெரி ஏறி வந்துவிட்டாள். வெட்டும் மேசையில் வைத்துவிட்டு, கணினியில் பெயர்களை அடித்து ஒட்டிவிடலாமா என்று கேட்டாள். அதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. அப்படியென்றால் எழுது என்றாள். அம்மா மூலை வெட்டும் கருவியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "ஒனக்கு என்ன தான்மா ஆச்சு? ஊரு கல்யாணத்துக்கெல்லாம் எழுதின கை தானே இது?"

"எழுதிட்டா அது எங்க போயி சேரும்னு நமக்குத் தெரியாது அதிரா," என்றார் நவமணியக்கா.

அதிராவுக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் பத்திரிகை சாமிக்கு, அதையாவது இன்றைக்கு எழுதிவை, சாயங்காலம் கோயிலில் வைத்துவிட்டு மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பூ மாலைக்குச் சொல்லப் பக்கத்துக் கடைக்குப் போனாள்.

கடையில் யாரும் இல்லை. அக்கா கட்டைப் பிரித்து முதல் பத்திரிகையை எடுத்தார். நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவினார். விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு, இழுப்பறையிலிருந்து அந்தக் கறைபட்ட அட்டையை எடுத்து உறைக்குப் பக்கத்தில் வைத்தார். வழக்கமாக எழுதும் பேனாவை விட்டுவிட்டு மார்க்கரைத் திறந்தார். மேல் கோட்டில் இருந்ததை, கோலத்தைப் பார்த்துப் போடுவதைப்போல, ஒவ்வொரு வட்டமாகப் பார்த்துப் பார்த்து உறையின் முதல் வரியில் எழுதினார். எங்கே ஓர் எழுத்து முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் எல்லா வட்டங்களும் ஒரே உயரத்தில் நின்றன.

பிறகு கீழ்க் கோட்டைப் பார்த்தார். பேனாவின் முனை உறையின் இரண்டாம் வரிக்கு இறங்கி, தாளைத் தொடாமல் நின்றது. பக்கத்துக் கடையில் அதிரா மல்லிகைக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். அக்கா மார்க்கரின் மூடியைப் போட்டு, க்ளிக் என்று கேட்கும்வரை அழுத்தி மூடினார்.